லோடு போட்டுப் பார்

கண்ணு, ஐ.டி.ஐ. முடித்து மீட்டரும் வாங்கிவிட்டாய். அந்த மீட்டர் காட்டியதை மட்டும் நம்பி நான் தவறிய கதையை நீ கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணை. மார்கழி மாதம். பத்து நாள் குஞ்சுகள். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், அடுத்த வாரம் 90 என்று சூடு குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய வயசு. புரூடரில் 100 வாட் குண்டு பல்பு இருபது. “ராத்திரியில பல்பு மங்குதுங்க” என்று பண்ணைக்காரர் கூப்பிட்டார். நான் போனது உச்சிவெயிலில். பல்புகளை அணைத்திருந்தார்கள். ஷெட்டில் மீட்டர் வைத்தேன்; 230 வோல்ட். லைன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

விடியும்போது குளிர் தாங்காத குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருந்தவை மூச்சுமுட்டிச் செத்துக் கிடந்தன. கூடை கூடையாக அள்ளினார்கள். அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

அன்றிரவு பல்புகளை எரியவிட்டு அளந்தேன். மெயின் போர்டில் 230, ஷெட்டில் 190. டாங் டெஸ்டரில் 7.8 ஆம்பியர். நடுவழியில் 40 வோல்ட் தொலைகிறது. 40-ஐ 7.8-ஆல் வகுத்தால் 5.1 ஓம், அதுதான் வழியில் நிற்கும் தடை. 40-ஐ 7.8-ஆல் பெருக்கினால் 312 வாட். குஞ்சுக்குப் போகவேண்டிய சூடு வழியிலேயே செலவாகிறது. பண்ணைக்கு இழுத்திருந்தது 1 ஸ்கொயர் செம்பு வயர். போக நூறு மீட்டர், வர நூறு மீட்டர், அதற்கே 3.5 ஓம். மீதி 1.6 ஓம் எங்கே? மெயினை அணைத்துவிட்டு வயரைத் தடவிக்கொண்டே போனேன். பாதி வழியில் முறுக்கிவிட்ட ஒரு ஜாயின்ட், டேப் உருகிக் கையில் ஒட்டியது. ஆம்பியரின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கிப் பார்: 97 வாட். ஒரு பல்பின் சூடு முழுவதும் அந்த முடிச்சுக்குள் இருந்தது. லோடு இல்லாதபோது கரண்ட் ஓடாது, வோல்ட்டும் இறங்காது. அதனால்தான் பகலில் அது என் கண்ணில் படவில்லை.

பல்பும் அப்படித்தான். அணைந்த 100 வாட் பல்பை ஓம் மீட்டரில் வைத்தால் 40 ஓம் பக்கம் காட்டும். எரியும்போது அதுவே 529 ஓம்.

நான் போட்ட அந்த வகுத்தல் கணக்கைத் தந்தவர் ஓம் என்ற ஜெர்மானியர், கொலோன் நகரத்தில் பள்ளி ஆசிரியர். அவரும் இதில் தடுமாறியிருக்கிறார். அக்காலத்து மின்கலத்தில் கம்பியைப் பூட்டியதும் வோல்ட் இறங்கிக்கொண்டே போகும், கணக்கு நிற்காது. பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, ஆடாத வோல்ட் ஒன்றை உண்டாக்கினார். அதை வைத்து அவர் கண்ட விதி புத்தகமாக வந்தது 1827-இல். லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குப் பதக்கம் கொடுத்தது 1841-இல். அத்தனை வருஷம் பொறுத்திருந்த அந்த வாத்தியாரை நினைத்தால் எனக்கு மரியாதை கூடும்.

பண்ணைக்கு 4 ஸ்கொயர் வயர் இழுத்தேன், கூலி வாங்கவில்லை. அன்றிரவு எல்லாப் பல்பும் எரிய, ஷெட்டில் 222 வோல்ட் நின்றது. குஞ்சுகள் நெருக்கியடிக்காமல் உமிமேல் பரவிப் படுத்திருந்தன. பண்ணைக்காரர் வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.