தரை என் பொறுப்பு

என் மகன் வளர்த்த பல்லி செத்ததற்கு நான் காரணம். அவன்தான் காரணம் என்று அவனையே நம்ப வைத்தவனும் நான். முதலாவதில் அறியாமையும் அகம்பாவமும் கலந்திருந்தன. இரண்டாவதில் அறியாமை துளியும் இல்லை. தெரிந்தே செய்தேன்.

பல்லி என்றதும் சுவரில் ஓடுவதை நினைக்கவேண்டாம். இது லெப்பர்ட் கெக்கோ. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு ஓரம் என்று வறண்ட, கல் நிறைந்த நிலங்களில் வாழும் இனம். பஞ்சாபின் உப்பு மலைத்தொடரில் கிடைத்ததை வைத்து 1854இல் எட்வர்ட் பிளைத் இதற்கு விஞ்ஞானப் பெயர் கொடுத்தார். நம் வீட்டுப் பல்லிக்குக் கண்ணிமை கிடையாது, இதற்கு உண்டு. வீட்டுப் பல்லியின் விரலடியில் ஒட்டிக்கொள்ளும் மெத்தை இருக்கும்; இதற்கு இல்லை. கண்ணாடியில் ஏறாது. நடப்பது, இரை பிடிப்பது, தூங்குவது, வயிற்றைச் சூடாக்கித் தின்றதைச் செரிப்பது எல்லாம் தரையில்தான். அதற்குத் தரை பிழைத்தால் ஒதுங்க வேறு இடமில்லை.

வாங்கியபோது மகனுக்குப் பதினொரு வயது. ‘புள்ளி’ என்று பெயர் வைத்தான். வேலையைப் பிரித்துக்கொண்டோம். சாப்பாடும் தண்ணீரும் அவனுக்கு. தொட்டி, சூடு, தரை எனக்கு. நானாகக் கேட்டு எடுத்துக்கொண்டேன். ஸ்காபரோவில் வீடு வீடாகப் போய் ஃபேர்னஸ் பூட்டுவதும் திருத்துவதும் என் தொழில். சூட்டைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்ற நினைப்பு எனக்குள் எப்போதும் இருந்தது.

முதலில் பேப்பர் ரவல்தான் விரித்திருந்தோம். நூலகத்தில் எடுத்த புத்தகத்தைப் பார்த்து மகன் சொன்னது. எனக்கு அது பிடிக்கவில்லை. தொட்டி இருந்தது வரவேற்பறையில். வருகிறவர்கள் பார்ப்பார்கள். வெள்ளைக் கடதாசியில் ஒரு பிராணி கிடப்பது என் கௌரவத்துக்குக் குறைவாகப் பட்டது. ஒருநாள் கடைக்குப் போய் செம்மண் நிறத்தில் ஒரு பை கல்சியம் மணல் வாங்கி வந்தேன். பையில் பாலைவனப் படம். விழுங்கினாலும் வயிற்றில் கரைந்துவிடும் என்று எழுதியிருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

“அப்பா, மணல் வேண்டாம். நாக்கால நக்கித் தின்னுமாம். வயித்துக்க அடைக்குமாம். புத்தகத்தில இருக்கு.”

“எல்லாம் தெரிஞ்ச ஆள் மாதிரிக் கதைக்காதை” என்றேன்.

அவன் புத்தகத்தை விரித்தபடி நின்றான். அந்தப் பக்கத்தை நான் பார்க்கவில்லை. பார்த்து மறுத்திருந்தால் அது ஒரு கருத்து வேறுபாடு. நான் பார்க்கவே இல்லை. பதினொரு வயதுப் பிள்ளை என்னைத் திருத்துவதை என்னால் தாங்க முடியவில்லை.

மணலை இரண்டு விரல் உயரத்துக்குக் கொட்டினேன். ஒரு சட்டத்தால் இழுத்து மட்டமாக்கினேன். தொட்டிக்கு அடியில் ஒட்டியிருந்த சூட்டுப் பாயின் உணரியை மணலுக்குள் ஆழமாகப் புதைத்தேன். வயர் வெளியே தெரிந்தால் வடிவாக இருக்காது என்பதுதான் காரணம். கருவி 33 பாகை காட்டியது. திருப்திப்பட்டேன்.

இந்த இடத்தில் நான் எதையும் மறைக்கக் கூடாது. உலர்ந்த மணல் சூட்டை இலேசில் கடத்தாது என்பது எனக்குத் தெரியும். ஃபேர்னஸ் காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் தேர்மோஸ்ராற்றைப் பூட்டக்கூடாது, ஆட்கள் இருக்கும் இடத்தில் பூட்டவேண்டும் என்று வேலைக்குப் புதிதாக வரும் பெடியன்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். 33 பாகை இருந்தது மணலின் அடியில். புள்ளி கிடந்தது மேலே. வயிற்றுக்கு வேண்டிய சூடு அதற்குக் கிடைக்கவே இல்லை. கையை மணல்மேல் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வைக்கவில்லை.

பராமரிப்பிலும் அப்படித்தான். உதிரி மணல் போட்டால் ஒவ்வொரு நாளும் எச்சத்தைக் கிள்ளி எடுக்கவேண்டும், சுற்றியுள்ள மணலையும் சேர்த்து எடுக்கவேண்டும், இடையிடையே முழுவதையும் மாற்றவேண்டும். நான் முதலில் செய்தேன். பிறகு மணம் வரும்போது மட்டும் மேலே புது மணலைத் தூவினேன். இந்தப் பல்லி பெரும்பாலும் ஒரே மூலையில்தான் எச்சமிடும். பேப்பர் ரவல் என்றால் அந்த மூலை வெறுமையாக இருப்பது ஒரே பார்வையில் தெரியும். எச்சம் நின்றுபோனதை என் மணல் மூடி மறைத்தது. எப்போது நின்றது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மகன்தான் கவனித்தான். புழுவைக் காட்டினால் முகத்தைத் திருப்புகிறது என்றான். வால் மெலிகிறது என்றான். கொழுப்பைச் சேர்த்து வைக்கும் வால் அது; மெலிந்தால் உடம்பு தன்னையே தின்கிறது என்று பொருள். தோல் உரிக்கும் காலமாயிருக்கும் என்று தட்டிக் கழித்தேன். பிறகு ஒரு மாலை அதைக் கையில் எடுத்துத் திருப்பிக் காட்டினான். மெல்லிய வயிற்றுத் தோலுக்குக் கீழே கருநீலமாக ஒரு கட்டி. உதட்டோரத்தில் செம்மண் நிற மணல் ஒட்டியிருந்தது.

ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியர் எக்ஸ்ரே எடுத்தார். மகனை வெளியே இருக்கவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். படத்தில் முதுகெலும்பைவிட வயிறு வெள்ளையாக இருந்தது. தொண்டைக்குக் கீழிருந்து பின்புறம்வரை மணல். பையில் எழுதியிருந்ததில் பாதி உண்மை என்றார். கல்சியம் காபனேற்று அமிலத்தில் கரையும். ஆனால் கரையும்போது வயிற்றின் அமிலத்தையே தணித்துவிடும். அதற்குமேல் போவது கரையாமல் கட்டியாகும். மணல் மட்டும் காரணமில்லை, சூடும் போதவில்லை, சூடு குறைந்தால் குடல் அசைவது குறையும் என்றார். மண்ணும் மணலும் கலந்த தரையில் நன்றாக வாழும் பல்லிகளும் உண்டு என்பதையும் சொன்னார். பிறகு சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். புழுவின் அளவு, எண்ணிக்கை, கல்சியத் தூள் எல்லாவற்றையும் மகன் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தான். அதைப் பார்த்துவிட்டு, பிள்ளை குறையில்லாமல் செய்திருக்கிறான் என்றார்.

அந்த வசனம் எனக்கு நன்றாகக் கேட்டது.

சத்திரசிகிச்சையைத் தாங்கும் நிலையில் புள்ளி இல்லை. மருந்தோடும் வெந்நீர்க் குளியலோடும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பிழைக்கவில்லை.

“என்னால தானோ அப்பா?” என்று மகன் கேட்டான். கேள்வியில் சந்தேகம்தான் இருந்தது. இல்லை என்ற ஒரு சொல் போதும். எனக்கு மணல் ஞாபகம் வந்தது, அந்தப் புத்தகம் ஞாபகம் வந்தது. ‘நான் சொன்னேன்தானே’ என்று அவன் சொல்வதைக் கேட்கப் பயந்தேன்.

“புழு கூடிப்போச்சு போல. அதின்ர தோல் கடினம், செரிக்காது. இனிக் கவனமா இரு” என்றேன்.

அவன் தலையாட்டினான். கொப்பியை எடுத்துத் தான் போட்ட புழுக்களைக் கூட்டிப் பார்த்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

பிறகு நான் வாசித்தேன். ஒரு பல்லிக்கும் உதவாத காலத்தில் வாசித்தேன். புதிதாக வந்த பல்லிக்கும் நோயுற்றதற்கும் பேப்பர் ரவல்தான் சிறந்தது. பிறகு சொரசொரப்பான கல் ஓடு போடலாம். சூட்டை வாங்கி வயிற்றுக்குக் கொடுக்கும், துடைக்க இலகு. உரம் கலக்காத மண் 70 பங்கு, மணல் 30 பங்கு என்று கலந்து, நனைத்து, அழுத்திக் காயவிட்டால் அதன் சொந்த நிலம்போல இறுகிக் கிடக்கும். தோல் உரிக்க ஈரப் பாசி வைத்த ஒரு மறைவிடமும் வேண்டும். இல்லாவிட்டால் பழைய தோல் விரல்களை இறுக்கி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். உணரி அதன் வயிறு படும் இடத்தில் இருக்கவேண்டும். ஒழுங்காகப் பார்த்தால் 15, 20 வருடம் வாழும். இவற்றில் பாதி மகனின் புத்தகத்திலேயே இருந்தது.

அவன் அதற்குப் பிறகு எதையும் வளர்க்கவில்லை. விருப்பம் போய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்மையில் அவனுடைய மாமி ஊருக்குப் போகும்போது தன் பூனையைப் பார்க்கும்படி கேட்டார். அவன் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறான்.

“என்னட்டைத் தராதைங்கோ மாமி. நான் சின்னனில ஒரு பல்லியைச் சாகக் குடுத்தனான். எனக்கு உயிரைப் பாக்கத் தெரியாது” என்றான்.

நான் அதே மேசையில் இருந்தேன்.

அன்றிரவு எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். மணல், உணரி, எக்ஸ்ரே, கொப்பியைப் பற்றி வைத்தியர் சொன்னது. கடைசியாக என் பொய்.

“டொக்டர் சொன்ன அண்டைக்கே உங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியும்.”

“பிறகு ஏன் சொல்லேல்லை?”

உனக்கு முன்னால் சிறுத்துப்போக விரும்பவில்லை என்றேன். அதைவிட நல்ல காரணம் ஏதும் என்னிடம் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அவன் எழுந்து தன் அறைக்குப் போனான்.

என்னோடு கதைக்கிறான். இதைப் பற்றி மட்டும் கதைப்பதில்லை. மாமியின் பூனையை வேறொரு வீட்டில் விட்டார்கள்.