ஓரக் குறிப்பு

பங்குப் பதிவேடுகளைக் கணிப்பொறியில் ஏற்ற வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது குற்றமன்று. அந்தப் பணியைப் பகிர்ந்தளித்த விதமே குற்றம். வேறு பங்குகளிலும் இம்முயற்சி நடைபெறுவதாகக் கேள்விப்படுவதால், எங்கள் ஊரில் நிகழ்ந்ததை உள்ளபடியே எழுதுகிறேன்.

எங்கள் பங்கில் மென்பொருள் எழுதும் தொழிலில் இருக்கும் இளைஞர் நால்வர் உண்டு. ஊதியம் வேண்டாம், ஓய்வு நேரத்தில் செய்து தருகிறோம் என்று முன்வந்தார்கள். குடும்ப அட்டை ஒருவருக்கு, திருமுழுக்கு ஏடு ஒருவருக்கு, திருமண ஏடு ஒருவருக்கு, சான்றிதழும் கோயில் வரிக்கணக்கும் ஒருவருக்கு என்று நான் பிரித்துக் கொடுத்தேன். "தனித்தனியே முடித்துவிடுங்கள், உயிர்ப்புத் திருநாள் கழிந்ததும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்" என்றேன். சேர்ப்பது ஒரு மாலைப் பொழுதின் வேலை என்பது என் எண்ணம்.

நம் ஏடுகளைப் பற்றி இங்கே ஒரு செய்தி சொல்ல வேண்டும். திருமுழுக்கு ஏட்டில் ஒவ்வொருவர் பெயருக்கு நேரேயும் ஓரத்தில் சிறிது இடம் விட்டிருக்கும். அவருக்குத் திருமணமோ குருப்பட்டமோ நிகழும்போது அவ்விடத்தில் அது குறிக்கப்பட வேண்டும். பின்னாளில் வழங்கும் சான்றிதழிலும் அக்குறிப்பு இடம்பெற வேண்டும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535ஆம் எண் இதைப் பணிக்கிறது. வேற்றூரில் மணம் முடிக்கச் செல்பவர் ஏற்கெனவே மணமானவரா என்பதை அவ்வூர்க் குருவானவர் அறிவதற்கு இந்த ஓரம் பெருந்துணை. ஆகவே திருமுழுக்கு ஏடும் திருமண ஏடும் வெவ்வேறு புத்தகங்களானாலும், அவை ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கின்றன.

எங்கள் கணிப்பொறியில் அவை பேசவில்லை. நான்கு பகுதிகளும் தனித்தனியே குறையின்றி ஓடின. சேர்த்த அன்றும் எந்தப் பிழையும் கண்ணுக்குப் படவில்லை. மூன்றாம் வாரத்தில் ஒருவர் வந்து, வெளியூரில் தமக்குத் திருமணம் நிச்சயமாகியிருப்பதாகவும் திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டுமென்றும் கேட்டார். அச்சுப்பொறி அழகான சான்றிதழைத் தந்தது. குறிப்பு என்ற இடம் வெறுமையாக இருந்தது. நான் பேனாவைத் திறந்துவிட்டேன். அப்போது உபதேசியார் என் அருகில் வந்து, "சாமி, எதுக்கும் பழைய புத்தகத்தை ஒரு தரம் பாத்துடலாமே" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பார்த்தோம். எனக்கு முன்னிருந்த பங்குத்தந்தையின் கையெழுத்தில், இதே ஆலயத்தில் அவருக்குத் திருமணம் நடந்த நாளும் மணமகளின் பெயரும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. அந்தப் பெண்மணி இன்றும் உயிரோடிருக்கிறார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

காரணம் என்ன? திருமண ஏட்டிலிருந்து வந்து சேரும் என்று நம்பி, திருமுழுக்கு ஏட்டை எழுதிய தம்பி ஓரக் குறிப்புகளை ஏற்றவில்லை. திருமண ஏட்டைச் செய்தவரோ பெயர் ஒத்திருந்தால்தான் ஒரே ஆள் என்று கொள்ளும்படி நிரல் எழுதியிருந்தார். திருமுழுக்கில் சூசையாக இருந்தவர் மணவோலையில் ஜோசப் ஆகிவிடுவதும், சவேரியார் சேவியர் ஆவதும் நம் வீடுகளில் புதிதா? கணிப்பொறிக்கு அவர்கள் இருவேறு மனிதர்கள். இளைஞர்கள்மேல் குறை சொல்ல மாட்டேன். இருவரையும் ஒரு மேசையில் அமர்த்தி, உங்களுக்கிடையே என்ன கொடுக்கல் வாங்கல் என்று முதல் நாளிலேயே கேட்டிருக்க வேண்டியவன் நான்.

பேரறிஞர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. செவ்வாய்க் கோளின் தட்பவெப்பத்தை ஆராயச் சென்ற அமெரிக்க விண்கலம் ஒன்று 1999 செப்டம்பரில் அழிந்தது. உந்துவிசையின் அளவை ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டுக் கணக்கில் தந்தது. மற்றக் குழுவினர் அதை நியூட்டன் கணக்கென்று கொண்டனர். இரண்டும் சேர்ந்து இயங்கும்போது சரியாக உள்ளனவா என்ற சோதனை போதிய அளவு நடைபெறவில்லை.

இதற்கு மாறான முன்மாதிரியும் உண்டு. விண்ணோடத்தின் முதன்மை மென்பொருளை 1977 முதல் 1980 வரை ஐ.பி.எம். நிறுவனத்தார் 31 மாதங்களில் 17 சுற்றுகளாகச் செய்தார்கள். ஏறக்குறைய எட்டு வாரத்திற்கு ஒரு சுற்று. தேவைகள் இடையிலே மாறிக்கொண்டே இருந்ததால், எல்லாவற்றையும் முடித்துக் கடைசியில் கூட்டுவது இயலாதென்று கண்டிருந்தார்கள். இதை எனக்குச் சொன்னவர் நால்வரில் மூத்தவர். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்க கேக்கலையே பாதர்" என்றார்!

ஆகவே மறுபடியும் தொடங்கினோம். எதை எழுதுவது என்று பேசுமுன், எதை எப்போது எதனோடு சேர்ப்பது என்று ஒரு தாளில் எழுதினோம். இரண்டு வாரத்திற்கு ஒரு சுற்று. சுற்றின் கடைசிச் சனிக்கிழமை மாலை அதுவரை ஆனதைச் சேர்த்து ஓட்டியே தீர வேண்டும். சென்ற முறை ஓடியது இம்முறை நின்றுவிட்டால், இடையில் சேர்ந்த பகுதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்; ஐயாயிரம் வரிகளில் தேட வேண்டியதில்லை. முதற்சுற்றில் ஒரே ஒரு குடும்பத்தை மட்டும் அட்டையிலிருந்து சான்றிதழ்வரை கொண்டுபோனோம். பெயரைக் கொண்டு ஆளை அறியும் வழக்கத்தை விட்டு, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தோம். எல்லாப் பகுதிகளுக்கும் அந்த எண்ணே பொது.

திருமண ஏடு இன்னும் ஆயத்தமாகாத நிலையில், அதன் இடத்தில் ஒரு போலி நிரலை நிறுத்தினார்கள். யாரைப் பற்றிக் கேட்டாலும் "மணமானவர்" என்று ஒரே விடை சொல்லும். பாஸ்கு ஒத்திகைக்குப் பிலாத்து வராத நாளில் வேறொருவர் நின்று வசனம் படிப்பதில்லையா, அதுபோல. குறிப்பு சான்றிதழ்வரை போய்ச் சேருகிறதா என்பதை இவ்வாறு இரண்டாம் சுற்றிலேயே கண்டுகொண்டோம். எது தவறினால் பெருந்தீங்கு விளையுமோ அதை முதலில் இணைப்பது என்பது எங்கள் வரிசை. வரிக்கணக்குக் கடைசிக்குப் போயிற்று. பங்குப் பேரவையில் அதற்காக எனக்குக் கிடைத்துவரும் ஏச்சுக்குக் குறைவில்லை.

இப்போது ஏழாம் சுற்று நடைபெறுகிறது. ஒவ்வொரு சான்றிதழையும் உபதேசியார் பழைய ஏட்டோடு ஒப்பிட்ட பிறகே முத்திரை இடுகிறேன். சென்ற சனிக்கிழமை அவர் 1958ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்றைத் திறந்துகொண்டு வந்தார். ஓரக் குறிப்பு இலத்தீனில் இருந்தது. தட்டச்சு செய்த பிள்ளை என்னவென்று புரியாமல் விட்டுவிட்டிருக்கிறாள். அந்த ஏட்டில் அப்படி இன்னும் எத்தனை உண்டு என்று இருவரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். எட்டாம் சுற்றின் தாளில் முதல் வரியாக அதை எழுதிவைத்தாயிற்று.