எடுப்பதும் விடுவதும்

கெட்டதை வேரோடு பிடுங்கி எறிந்துவிட வேண்டும் என்பது நம் ஜனங்களின் ரத்தத்தில் ஊறிப்போன எண்ணம். கடனானாலும் சரி, களையானாலும் சரி, மிச்சம் வைத்தால் வளரும் என்பார்கள். விராலிமலைப் பக்கத்துக் குடியானவர் யாரிடமாவது கோரைக்கிழங்கைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒரு கிழங்கு மண்ணில் தங்கினாலும் வயல் முழுவதும் கோரைதான் என்று தலையில் அடித்துக்கொள்வார். வயலுக்கு அது நியாயம்தான். மனித உடம்புக்கும் அதே நியாயம் செல்லுமா என்று யோசிக்க எனக்குப் போன வருஷம் ஒரு சந்தர்ப்பம் வந்தது.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். உறவு ஒன்றுமில்லை என்றாலும் மாமா என்றுதான் நான் கூப்பிடுவது. பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கத் திருச்சிக்குப் போய் ஸ்கேன் எடுத்தார். கல் இல்லை; ஆனால் வலது சிறுநீரகத்தில் மூன்று சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி இருந்தது. முன்பெல்லாம் சிறுநீரில் ரத்தம் கண்டு, விலா வலித்து, வயிற்றில் கட்டி கைக்குத் தட்டுப்படும் நிலையில்தான் இந்தப் புற்றுநோய் வெளிப்படும். இந்நாளில் பெரும்பாலும் வேறு எதையோ தேடப்போய் அகப்பட்டுக்கொள்கிறது. மாமாவுக்குச் சுருட்டுப் பழக்கம் உண்டு. மலைமேல் முருகனுக்கே சுருட்டு நிவேதனமாகிற ஊர் எங்களுடையது. “சாமிக்கே ஆகும்போது எனக்கென்ன?” என்று சிரிப்பார். புகையும் இந்த நோய்க்கு ஒரு காரணம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அந்தச் சிரிப்பைக் காணோம்.

இரண்டு டாக்டர்களைப் பார்த்தார். துளை போட்டுக் குழாய் விட்டுச் சிறுநீரகம் முழுவதையும் எடுத்துவிடலாம், சில நாளில் வீடு திரும்பலாம் என்றார் ஒருவர். கட்டியை மட்டும் வெட்டி எடுத்துச் சிறுநீரகத்தைத் தைத்துவிடலாம், ஆனால் ரத்தப்போக்குக்கும் சிறுநீர்க் கசிவுக்கும் கொஞ்சம் கூடுதலாக இடமுண்டு என்றார் மற்றவர்.

“தம்பி, மிச்சம் வைப்பானேன்? முழுசாகவே எடுத்துவிடட்டும். ஒற்றைச் சிறுநீரகத்தோடு எத்தனை பேர் இல்லை!” என்றார் மாமா.

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. 1869இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரத்தில் குஸ்தாவ் சைமன் என்ற டாக்டர், ஒரு சிறுநீரகம் போனால் ஜீவன் தங்குமா என்று முதலில் நாய்களிடம் சோதித்துப் பார்த்துவிட்டு, பிறகு ஒரு பெண்மணிக்கு ஒன்றை அகற்றினார். அவள் பிழைத்தாள். நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தொடங்கிய பிறகு, ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதோடு வாழ்கிறவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர்.

சைமனுக்குப் பின் அதே ஊரில் பதவிக்கு வந்த செர்னி, 1887இலேயே கட்டி இருந்த பாகத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்தார். ஆனால் சிறுநீரகம் ரத்தம் நிறைந்த உறுப்பு. அந்தக் காலத்தில் அதை வெட்டித் தைப்பது லேசான காரியமல்ல. அந்த வழி பின்தங்கிவிட்டது. 1960களில் டொரண்டோவின் ராப்சன், சிறுநீரகத்தை அதைச் சூழ்ந்த கொழுப்போடும் உறையோடும் அட்ரினல் சுரப்பியோடும் சேர்த்து எடுக்கும் முறையை நிலைநாட்டினார். வெகுகாலம் அதுவே வேதவாக்கு.

1990இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் கிளேமன் என்பவர் துளை வழியாகச் சிறுநீரகத்தை எடுத்துக் காட்டினார். நோயாளி எண்பத்தைந்து வயது மூதாட்டி. கட்டி மூன்று சென்டிமீட்டர். எடுத்தபின் ஆராய்ந்தால் அது புற்றுநோயே அல்லாத சாதுவான கட்டி! நாலு சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளில் ஐந்தில் ஒன்று ஏறக்குறைய இப்படித்தான் என்று இப்போது தெரிகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. துளை வழி வந்ததும், முழுச் சிறுநீரகத்தை எடுப்பது டாக்டருக்கும் நோயாளிக்கும் எளிதாயிற்று. பாதியைக் காப்பாற்றுவதோ கஷ்டமாகவே இருந்தது. வெளியே தழும்பு சிறுத்ததைக் கண்டு மகிழ்ந்தவர்கள், உள்ளே இழப்பு சிறுக்கவில்லை என்பதைக் கவனிக்கவில்லை. 2006இல் நியூயார்க்கிலிருந்து ஒரு கணக்கு வந்தது. ஆபரேஷனாகி மூன்று வருஷத்தில், சிறுநீரகத்தின் வேலை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்காமல் தப்ப, பாகத்தை மட்டும் இழந்தவர்களுக்கு நூற்றுக்கு 80 வாய்ப்பு. முழுவதையும் இழந்தவர்களுக்கு 35தான். 2009இல் அமெரிக்க யூராலஜி சங்கம், சிறு கட்டிகளுக்குச் சிறுநீரகத்தைக் காப்பதே முறை என்று வகுத்தது. பிற்பாடு ரோபோக் கருவியின் துணையால் துளை வழியாகவே வெட்டித் தைப்பதும் பரவிவிட்டது.

எதிர்ச்சாட்சியும் உண்டு. 541 பேரை இரண்டு வகையாகப் பிரித்து நடத்திய ஐரோப்பியச் சோதனையின் முடிவு 2011இல் வந்தபோது, பாதியைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகத் தெரியவில்லை. ஆனால் புற்றுநோயால் இறந்தவர்கள் இரண்டு பக்கத்திலும் வெகு சிலரே. மிச்சம் வைத்தால் வளரும் என்ற பயம் சிறு கட்டிகள் விஷயத்தில் பெரும்பாலும் வீண் என்பதையாவது அது காட்டியது.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். “தானம் கொடுக்கிறவர்களைச் சல்லடை போட்டுச் சலித்து, ஆரோக்கியமானவர்களாகப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள், மாமா. உங்களுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. மிஞ்சுகிற ஒன்று அதைத் தாங்க வேண்டாமா?” என்றேன்.

வெகுநேரம் பேசாமல் இருந்தார். “அப்படியானால் டயாலிசிஸில் கொண்டுபோய் விடுமோ?” என்று மெல்லக் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல நான் டாக்டர் இல்லை. மறுவாரம் அந்தக் கேள்வியோடேயே இரண்டாவது டாக்டரிடம் போனோம். கட்டியை மட்டும் எடுத்தார்கள். புற்றுநோய்தான், வெட்டிய ஓரம் சுத்தமாக இருந்தது. இப்போது குறித்த காலத்தில் ஸ்கேனுக்குப் போய் வருகிறார். “ஒவ்வொரு தடவையும் பயமாகத்தான் இருக்கிறது, தம்பி” என்கிறார். முழுவதையும் எடுத்திருந்தாலும் ஸ்கேன் உண்டு, பயமும் உண்டு. அது மனசில் இருப்பது, கத்திக்கு அகப்படாது.

எல்லோருக்கும் இதுவே வழி என்று நான் சொல்ல வரவில்லை. கட்டி பெரிதாகி ரத்தக் குழாயைப் பற்றிக்கொண்டால் முழுவதும் போகத்தான் வேண்டும். தள்ளாத வயதினருக்குச் சிறு கட்டியானால், கத்தியே வைக்காமல் கவனித்து வருவதும் ஒரு வைத்தியம்தான். ஆனால் கையெழுத்துப் போடும் முன்பு, “எத்தனை நாளில் வீட்டுக்குப் போகலாம்?” என்று மட்டும் கேட்கிறோமே, “எவ்வளவு மிஞ்சும்?” என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.