புரோத்தனைச் சூழ்ந்து நிற்பவை

இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிச் சிறுபோகம் செய்யும் எங்கள் வயல்களில், எறிந்த யூரியா முழுவதும் நெல்லுக்குப் போய்ச் சேர்வதில்லை. ஒரு பங்கு காற்றோடு போய்விடும். அப்பா உச்சிவெயிலில் யூரியா எறிய விடமாட்டார். ஏனென்று எனக்கு விளங்கியது பல வருடங்களின் பின், அமோனியா மூலக்கூறுகளைக் கணினியில் கணிக்கத் தொடங்கியபோதுதான்.

மண்ணிலுள்ள யூரியேசு என்ற நொதியம் யூரியாவை உடைத்து அமோனியா ஆக்குகிறது. அந்த அமோனியா ஒரு புரோத்தனைப் பிடித்துக்கொண்டால் அமோனியம் அயனாகும். நேரேற்றம் கொண்ட அதைக் களிமண் பிடித்து வைத்திருக்கும், வேர் எடுத்துக்கொள்ளும். புரோத்தனை விட்டுவிட்டால் அது வெறும் வாயு. நடுநிலையான நீரில் நூற்றுக்கு ஒன்றுகூட அப்படி இராது. ஆனால் பகலில் வயற்பாசி நீரிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்ச, பீஎச் பெறுமானம் 9ஐயும் தாண்டக்கூடும். 25 பாகையில் அது 9.25ஐத் தொட்டால் சரிபாதி அமோனியா. வெப்பம் ஏற ஏற அந்த எல்லையும் கீழிறங்கும். சோளகமும் வீசினால் இழப்புக்குக் கேட்கவா வேண்டும்!

புரோத்தனை அமோனியா எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பதே இதற்கெல்லாம் அடி. வயல்நீரை விட்டு, அமோனியா மட்டுமே உள்ள திரவ அமோனியாவில் இதைக் கணிக்க விரும்புவோர் முழுத் திரவத்தையும் எடுப்பதில்லை; சிறு மூலக்கூற்றுக் கொத்திலிருந்து தொடங்குவார்கள். தனியொரு அமோனியா புரோத்தனை ஏற்கும்போது மூலொன்றுக்கு ஏறத்தாழ 854 கிலோயூல் சக்தி வெளியாகும். நீர் மூலக்கூறுக்கு அது 691தான். இரண்டாவது அமோனியா வந்தாலும், சக்தி மிகக் குறைந்த அமைப்பில் புரோத்தன் நட்டநடுவில் நிற்காது, ஒரு நைதரசனையே சார்ந்திருக்கும். அமோனியத்தின் நான்கு ஐதரசன்களிலும் ஒவ்வொரு அமோனியா பிணைந்ததும் முதல் வளையம் நிறைந்துவிடும். ஐந்தாவது வெளிவளையத்துக்குத்தான் போகவேண்டும். கொத்து பெருக்கப் பெருக்க மூலக்கூறுகள் அமரக்கூடிய ஒழுங்குகளும் பெருகும். அவற்றுள் எது எந்த வெப்பநிலையில் எவ்வளவு இருக்கும் என்பதையும் சேர்த்தே கணிக்கவேண்டும். அந்த வேலையில்தான் பொறுமை தேவை.

இந்தக் கணக்குகளில் என்னை மிகவும் ஈர்த்தது ஒன்று. தனி மூலக்கூறுகளாகப் பார்த்தால் அமோனியாவுக்கும் நீருக்கும் இடையில் 160 கிலோயூலுக்கு மேல் வித்தியாசம். நீருக்குள் வந்ததும் அது பாதிக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. புரோத்தன் ஏறிய நீர் மூலக்கூறை அயலிலுள்ள நீர் அவ்வளவு பலமாக அணைத்துக்கொள்வதே காரணம். ஒரு மூலக்கூறின் பலம் அதற்குள் மட்டும் இல்லை, அதைச் சூழ்ந்து நிற்பவற்றிலும் இருக்கிறது.

இலங்கையில் 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீங்கியது. அடுத்த வருடம் யூரியா விலை எங்கேயோ போய்விட்டது. காற்றோடு போகும் ஒவ்வொரு பிடியும் விவசாயியின் கடன் என்பதை அந்தப் போகங்களில் கண்ணால் கண்டோம்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. வோல்டர் கோனுக்கும் ஜோன் போப்பிளுக்கும் 1998இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த கணிப்பு முறைகள் இன்று இலவச மென்பொருள்களில் கிடைக்கின்றன. சிறு கொத்துகளுக்குச் சாதாரணக் கணினியே போதும். விலையுயர்ந்த ஆய்வுகூடம் வேண்டியதில்லை. வயலைத் தெரிந்த பிள்ளைகள் இந்தக் கணக்கையும் கையிலெடுக்க வேண்டும் என்பதே என் ஆசை. எந்த நேரம் பசளை எறிவது என்பதை அனுபவம் சொல்லும். மண்ணும் வெயிலும் பசளையும் மாறும்போது அடுத்து என்ன செய்வது என்பதைச் சொல்ல, காரணம் தெரிந்திருக்க வேண்டும்.