பாட்டிலுக்கு வவுச்சர் இருக்கா?

நான் படிப்பது பி.காம். வேதியியலுக்கும் எனக்கும் இருந்த உறவு பத்தாம் வகுப்போடு சுமுகமாக முடிந்துவிட்டது. அதனால் சோதனைச்சாலைக் கண்ணாடிப் பாத்திரங்களைப் பற்றி நான் எழுதுவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

சிரித்தாச்சா? சரி, மேட்டருக்கு வருவோம்.

முதலிலேயே ஒரு டிஸ்கி. நான் இருப்பது மெல்போர்னில். ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்சலாம், விற்கக் கூடாது. சாராயம் வடிக்க உரிமம் வேண்டும், இல்லாமல் வடித்தால் குற்றம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி இரண்டுமே குற்றம். எனவே ஊரில் இருக்கும் நண்பர்கள் இதைப் படித்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம். (அம்மா இதைப் படிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.)

பீர் காய்ச்சுவது ஏதோ பெரிய வித்தை என்று நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. கூப்பர்ஸ் கம்பெனி 1.7 கிலோ டின்னில் ஹாப்ஸ் கலந்த மால்ட் பாகு விற்கிறது. அதோடு ஒரு கிலோ சர்க்கரை, மொத்தம் 23 லிட்டர் வரும்படி தண்ணீர், மூடியடியில் இருக்கும் ஈஸ்ட். அவ்வளவுதான். மற்றதை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும். நம்ம வீட்டு இட்லி மாவு ராத்திரி தானாகப் பொங்குகிறதே, அதே குடும்பத்து வேலைதான்.

வேண்டியது ஒரு பாத்திரம். எங்கள் அறையில் நாலு பேர், ஒரே ஒரு அலமாரி. 23 லிட்டர் டிரம் வைக்க இடமில்லை. ஐந்து லிட்டர் அளவில் ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒரு செய்தி சொன்னார். அவர் வேதியியலில் பி.எச்.டி. செய்கிறார். அவருடைய ஆய்வுக்கூடம் வேறு கட்டிடத்துக்கு மாறுகிறது.

"தம்பி, கன கண்ணாடிச் சாமான் எறியப் போறாங்கள். உமக்கு வேணுமெண்டா சொல்லும், பொறுப்பாளரிட்டை கேட்டு எடுத்துத் தாறன்."

சொன்னபடியே பொறுப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார்.

நண்பர்களே, அந்தப் பெட்டியைத் திறந்தபோது எனக்கு நகைக்கடைக்குள் நுழைந்தது போல இருந்தது. ஐந்து லிட்டர் கூம்புக் குடுவை ஒன்று, பிரிக்காத அட்டைப்பெட்டியில். அடியில் குழாய் வைத்த பத்து லிட்டர் பெரிய பாட்டில் ஒன்று. உருண்டைக் குடுவைகள் இரண்டு. பழுப்பு நிற இரண்டரை லிட்டர் பாட்டில்கள் ஆறு. எல்லாம் இலவசம். கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் போக மதிப்பு பூஜ்யம் ஆகிவிட்ட சொத்து. வெளியே வாங்கினால் குடுவை ஒன்றின் விலையிலேயே என் ஒரு வார மளிகை போய்விடும்.

பீருக்கும் சோதனைச்சாலைக்கும் பழைய சொந்தம் உண்டு. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனி நடத்திய ஆய்வுக்கூடத்தில்தான் 1883இல் எமில் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பை உண்டாக்கினார். அதே வருடம் அதே இடத்தில் யோஹான் கெல்டால் நைட்ரஜனை அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதற்கான நீளக் கழுத்துக் குடுவை இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். அளவை 1909இல் சோரன்சன் கொண்டுவந்ததும் அங்கேதான். இதெல்லாம் அண்ணன் சொன்னது. நான் மட்டும் சும்மா இருப்பேனா? எங்கள் புள்ளியியல் தாளில் வரும் 'ஸ்டூடண்ட்ஸ் டி டெஸ்ட்' யார் தந்தது தெரியுமா? டப்ளினில் கின்னஸ் கம்பெனியில் வேலை பார்த்த வில்லியம் காசெட். 1908இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதினார். ஆக, பி.காம். மாணவனுக்கும் பீரில் பங்கு உண்டு!

இந்தக் கண்ணாடியின் குணமும் நல்லதுதான். போரோசிலிகேட் என்பது ஜெர்மனியின் ஜெனா நகரில் ஓட்டோ ஷாட் உருவாக்கியது. 1915இல் அமெரிக்காவில் பைரெக்ஸ் என்ற பெயரில் இந்த வகைக் கண்ணாடி கடைக்கு வந்தது. சூடு பட்டால் சாதாரணக் கண்ணாடி விரிவதில் மூன்றில் ஒரு பங்குதான் இது விரியும். அதனால் சுடச்சுட ஊற்றினாலும் சட்டென்று விரிசல் விடாது. பிளாஸ்டிக் மாதிரி கீறி, கீறலில் கிருமி தங்கும் தொல்லையும் குறைவு. உள்ளே நுரை கட்டுவதையும் ஈஸ்ட் அடியில் படிவதையும் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். (பரீட்சை நேரத்தில் இது ஆபத்து.)

என் கண் பழுப்பு பாட்டில்கள் மேல்தான் போனது. காரணம் உண்டு. ஹாப்ஸின் கசப்புப் பொருள் மேல் வெளிச்சம் பட்டால் சிதைந்து, கந்தகம் கலந்த ஒரு கெட்ட வாடை வரும். பீர் பாட்டில் பழுப்பாக இருப்பது அதற்காகத்தான். ஆக இது காய்ச்சுவதற்கென்றே செய்த பாட்டில் மாதிரி இருந்தது. ஒன்றைத் திருப்பி லேபிளைப் பார்த்தேன்.

மெத்தனால்.

இந்த வார்த்தையைத் தமிழ்நாட்டுக்காரன் எவனும் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போக முடியாது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்கு முந்தைய வருடம் மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு பக்கமும் இதே கதை. நான் பீர் காய்ச்சப் போகிறேன் என்று ஊர் நண்பனிடம் சொன்னபோது அவன் கேட்ட முதல் கேள்வியே, "டேய், கண்ணு போயிடாதா?" என்பதுதான்.

அவனுக்கு நான் சொன்ன பதில் இது. மால்ட்டும் சர்க்கரையும் நொதிக்கும்போது உருவாவது எத்தனால். மெத்தனால் உண்டானாலும் கண்ணைக் கெடுக்கும் அளவுக்குக் கிட்டவே வராது. கள்ளக்குறிச்சியில் ஆளைக் கொன்றது தொழிற்சாலைக்கான மெத்தனால். நொதித்தலில் வந்ததல்ல, வெளியிலிருந்து கொண்டுவந்து கலந்தது. கேனில் வந்தது எது, எதற்காகச் செய்தது என்று குடித்தவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை.

இப்போது என் கையில் ஒரு பாட்டில். அண்ணனிடம் கேட்டேன்.

"அண்ணா, இதைக் கழுவிட்டா போதுமா?"

"மெத்தனால் மட்டும் இருந்ததெண்டா பயமில்லை. தண்ணியோட எந்த அளவிலையும் கலக்கும், ஆவியாகவும் போயிடும். நாலஞ்சு தரம் கழுவினா மிஞ்சாது."

"சரி. லேபிளுக்கு அப்புறம் இதில் என்ன இருந்துச்சு?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "வெறும் போத்திலை நாங்கள் கழிவு சேர்க்கப் பாவிக்கிறனாங்கள். இதிலை ஆர் என்னத்தை ஊத்தினவை எண்டு ஆருக்குத் தெரியும்?"

விஷயம் இதுதான். லேபிள் சொல்வது கடையிலிருந்து வந்தபோது என்ன இருந்தது என்று மட்டும். அதன்பிறகு பாட்டில் எங்கெல்லாம் போனது என்பதற்குப் பதிவு இல்லை.

எங்கள் தணிக்கை வகுப்பில் முதல் நாளே சொல்லித்தருவது, வவுச்சர் இல்லாத பதிவை நம்பாதே என்பது. தொகை சரியாக இருக்கலாம், செலவும் நியாயமாக இருக்கலாம். ஆதாரம் இல்லை என்றால் ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார். பளபளவென்று இருக்கும் பாட்டிலும் அப்படித்தான். சுத்தமாக இருக்கலாம். ஆனால் காட்டு பார்ப்போம் என்றால் காட்ட முடியாது.

"கண்ணாடி எதையும் உறிஞ்சாதே?" என்று அறைத் தோழன் கேட்டான். பெரும்பாலும் உண்மை. ஆனால் அந்தக் காலத்து ஆய்வுக்கூடங்களில் கண்ணாடியைக் கழுவியதே டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் கலந்த கரைசலில். அதிலுள்ள குரோமியம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு லேசில் போகாது. காரம் வைத்த பாட்டிலின் உட்புறம் அரிக்கப்பட்டிருக்கும். தேய்த்த கண்ணாடி மூடியின் சொரசொரப்பில் கிரீஸ் தங்கும். ரப்பர் அடைப்பானும் பிளாஸ்டிக் குழாயும் கரைப்பான்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பீர் என்பது லேசான அமிலமும் ஐந்து சதவீதம் வரை ஆல்கஹாலும் உள்ள திரவம். இரண்டு வாரம் உள்ளே இருக்கும். ஒட்டியிருப்பது எதுவோ, அதைக் கரைத்தெடுக்க நிறையவே அவகாசம்.

எனக்கு மட்டும் என்றால் ஒருவேளை துணிந்திருப்பேனோ என்னவோ. ஆனால் காய்ச்சினால் குடிக்கப் போவது எங்கள் அறையின் நாலு பேரும், சனிக்கிழமை வரும் நண்பர்களும். அவர்கள் என்னை நம்பித்தான் டம்ளரை நீட்டுவார்கள். பாட்டிலைப் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள். அவர்களுக்காகவும் நான்தான் கேட்டுவைக்க வேண்டும்.

எனவே பழுப்பு பாட்டில்கள் ஆறும், உருண்டைக் குடுவைகளும், குழாய் வைத்த பெரிய பாட்டிலும் அண்ணனோடு ஆய்வுக்கூடத்துக்கே திரும்பிப் போயின. கூம்புக் குடுவையை மட்டும் வைத்துக்கொண்டேன். பெட்டி பிரிக்கவில்லை, கம்பெனி ஒட்டிய டேப் அப்படியே இருந்தது, வாங்கிய ரசீதின் நகலும் பெட்டிக்குள். இதைவிட நல்ல வவுச்சர் எங்கே கிடைக்கும்!

அதில் காய்ச்சியதன் கணக்கு இதோ. ஐந்து லிட்டர் குடுவையில் நாலு லிட்டர் மட்டும் (நுரைக்கு இடம் வேண்டும்). 300 கிராம் மால்ட் பாகு, 175 கிராம் சர்க்கரை. மீதிப் பாகு மூடிபோட்ட டப்பாவில் ஃபிரிட்ஜுக்குள். குடுவை தெளிவான கண்ணாடி என்பதால் பழைய லுங்கி ஒன்றைச் சுற்றி அலமாரிக்குள் வைத்தேன். வாயில் புதிதாக வாங்கிய சிலிகான் அடைப்பான், அதில் ஏர்லாக். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். 100 கிராம் சர்க்கரை முழுதாக நொதித்தால் 25 லிட்டர் அளவுக்கு கார்பன் டை ஆக்சைடு வரும். இறுக்கி மூடினால் குடுவை வெடிகுண்டாகிவிடும். ஒரு வாரத்தில் குமிழி அடங்கியது. இரண்டு நாள் இடைவெளியில் ஹைட்ரோமீட்டரில் இரண்டு தடவை பார்த்து, அளவு மாறவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். லிட்டருக்கு 8 கிராம் சர்க்கரை வீதம் போட்டு ஐந்து பீர் பாட்டில்களில் அடைத்து, இரண்டு வாரம் கழித்துத் திறந்தோம்.

அண்ணன் ஒரு மிடறு குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தம்பி, கொஞ்சம் கைக்குது" என்றார். பாஸ் மார்க் என்று எடுத்துக்கொண்டேன்.

உங்களில் யாருக்காவது இப்படிப் பெட்டி வந்து இறங்கினால், என் யோசனை. அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். பிரிக்காத பெட்டி என்றால் வைத்துக்கொள்ளுங்கள். "கழுவியாச்சு, ஒண்ணும் ஆகாது" என்ற வாக்குமூலம் மட்டும் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். போரோசிலிகேட் உடைந்தால் வீட்டு மறுசுழற்சித் தொட்டியில் போடாதீர்கள், சாதாரணக் கண்ணாடி உருகும் சூட்டில் அது உருகாது. உணவுக்கென்றே விற்கும் ஐந்து லிட்டர் ஜாடி எந்த ஹோம்ப்ரூ கடையிலும் கிடைக்கிறது. கூம்புக் குடுவை அளவுக்கு அழகில்லைதான். ஆனால் யார் டம்ளரில் வேண்டுமானாலும் தயங்காமல் ஊற்றலாம்.