கம்பளி நூலும் ஊர்ப் பிடிலும்

அன்பின் அக்காவுக்கு,

ஒஸ்லோவில் இப்போது பின்னேரம் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. இந்த மாதங்களில் இங்குள்ள சனங்கள் பொழுதை எப்படித்தான் கழிக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பின்னுகிறார்கள் அக்கா. ட்ராமில், பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில், வேலையிடத்துத் தேநீர் இடைவேளையில் என்று எங்கும் கம்பளி நூல் பின்னல்தான். பழகிய கைக்குக் கண் தேவையில்லை. பேச்சு ஒரு பக்கம் நடக்கும், ஊசி ஒரு பக்கம் ஓடும். பள்ளியில் கைவேலைப் பாடம் பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் ஒன்றே. என் மகன் பின்னல் பழகினான், மகள் மரம் அறுக்கப் பழகினாள்.

2013 நவம்பரில் நோர்வேயின் பொதுத் தொலைக்காட்சி ஓர் இரவு முழுவதும் பின்னலையே காட்டியது. ஆட்டின் மயிரைக் கத்தரித்து, நூலாக்கி, அன்றிரவே ஒரு சட்டை பின்னி முடித்தார்கள். அவுஸ்திரேலியர்களின் வேகச் சாதனையை முறியடிக்க முடியவில்லை. ஆனாலும் வீடுகளில் சனம் விழித்திருந்து, தாங்களும் பின்னிக்கொண்டே பார்த்தது.

துரொண்ட்ஹைம் நகருக்கு அருகே செல்பு என்று ஒரு கிராமம். 1857இல் மாரித் குல்செத் என்ற இளம் பெண் கறுப்பு, வெள்ளை நூல்களில் எட்டு இதழ்ப் பூ வைத்துப் பின்னிய கையுறைகள் தேவாலயத்தில் எல்லாருடைய கண்ணிலும் பட்டன. ஊர்ப் பெண்கள் பார்த்துப் பழகினார்கள். பின்னர் அது அந்தப் பகுதிக்கே பிழைப்பானது. இன்று நோர்வே என்றாலே அந்தப் பூத்தான் நினைவுக்கு வருகிறது. ஜெர்மானியர் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் சிவப்புக் கம்பளித் தொப்பி எதிர்ப்பின் அடையாளமாகி, 1942இல் அதற்குத் தடையும் வந்தது. ஒரு தொப்பிக்குக்கூட அதிகாரம் அஞ்சியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கைவேலை மீது மரியாதை கூடுகிறது.

இசையும் அப்படித்தான். மேற்குக் கரையின் ஹார்டாங்கர் பிடிலை நீங்கள் ஒருமுறையாவது கேட்கவேண்டும். வில் மேல் தந்திகளை உரச, அடியில் ஓடும் நாலைந்து தந்திகள் தாமாக அதிர்ந்து கூடவே ஒலிக்கும். கிடைத்திருப்பவற்றில் பழையதென்று சொல்லப்படும் பிடிலில் 1651 என்ற ஆண்டு உண்டு. கல்யாண வீட்டிலும் ஆட்டக்களத்திலும் வளர்ந்த வாத்தியம் அது. 19ஆம் நூற்றாண்டில் மத எழுச்சிக்காரர் அதைச் சாத்தானின் கருவி என்று தூற்ற, சிலர் தங்கள் பிடில்களை உடைத்தார்கள், எரித்தார்கள். அத்தனையும் தாண்டி அது பிழைத்துக் கிடக்கிறது. மேடை வித்துவான்கள் மட்டும் காப்பாற்றியிருக்க முடியாது. வேலை முடிந்து வந்து வாசித்த கமக்காரர்களும் தச்சர்களும் அதைக் கைவிடவில்லை.

என் மனதுக்கு மிக நெருக்கமானவை பள்ளிக்கூட ஊதுவாத்திய அணிகள். மே 17, அரசியலமைப்பு நாளன்று, அவை வீதியில் வாசித்துப் போகும்போது அபசுரமும் சேர்ந்தே வரும். ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. அணிக்குப் பணம் சேர்க்கப் பெற்றோரே பழைய சாமான் சந்தை வைத்து, கேக் சுட்டு விற்பார்கள். 1997 முதல் ஒவ்வொரு நகராட்சியும், தனியாகவோ அயலாரோடு சேர்ந்தோ, பிள்ளைகளுக்கு இசை, கலைப் பள்ளி நடத்தவேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. கெட்டித்தனம் உள்ள பிள்ளையைத் தேடிப் பிடிப்பதற்காக அல்ல, வாசிக்க ஆசைப்படும் எந்தப் பிள்ளைக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதற்காக.

இங்கேதான் எனக்கு நம்மவர்களைப் பற்றிக் கவலை வருகிறது. சனி, ஞாயிறுகளில் எங்கள் பிள்ளைகளும் வயலின், மிருதங்கம் படிக்கிறார்கள். ஆசிரியர்களின் உழைப்பு பெரியது. ஆனால் தரப் பரீட்சை, அரங்கேற்றம், மண்டபம், பட்டுச் சேலை, காணொளி எல்லாம் முடிந்த மறுமாதம் வயலின் அலுமாரிக்கு மேலே போய்விடுகிறது. இருபது வயதுக்குப் பிறகு வீட்டில் சும்மா இருந்து ஒரு கீர்த்தனை வாசிக்கும் பிள்ளைகள் அரிது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பரீட்சைக்கென்றே கற்பித்தோம், பரீட்சையோடு அவர்களும் முடித்துக்கொண்டார்கள். வாசிப்பதே சந்தோசம் என்று நாங்கள் ஒருநாளும் காட்டிக் கொடுக்கவில்லை.

ஊரில் எங்களுக்கு அந்தச் சந்தோசம் தெரிந்தே இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அம்மாவும் பெரியம்மாவும் வேப்பமர நிழலில் சார்வோலையைச் சத்தகத்தால் வார்ந்து, பெட்டியும் கடகமும் இழைப்பார்கள். சாயம் போட்ட ஓலையை எந்த வரியில் நுழைப்பது என்று வாதாடுவார்கள். கதையும் சிரிப்புமாகப் பொழுது சாயும். விற்கவும் இல்லை, போட்டிக்கு அனுப்பவும் இல்லை. அந்த விரல்களின் வேகத்தை இங்குள்ள பின்னற்காரிகளிடம் இன்று பார்க்கிறேன்.

அக்கா, இழைக்கத் தெரிந்தவர் நம் வீட்டில் இனி நீங்கள் ஒருவர்தான். பிளாஸ்டிக் வாளி வந்த பிறகு கடகம் எதற்கு என்று சொல்லாதீர்கள். கையில் ஓலை இருக்கும் நேரத்தின் சுகத்துக்காக இழையுங்கள். அயல்வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். கோணல் மாணலாக வந்தாலும் திருத்திக்கொண்டிருக்காமல் இழைக்க விடுங்கள். அடுத்த ஆடியில் பிள்ளைகளோடு வருகிறேன். அவர்களுக்கும் முதல் வரியிலிருந்து நீங்களே சொல்லிக் கொடுக்கவேண்டும்.

அன்புடன்,
உங்கள் தம்பி