ஐந்து புள்ளி

சென்னை,
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

‘நலம், நலமறிய ஆவல்’ இந்தத் தடவை வேண்டாம். உன் இடுப்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டே கேட்டால் இன்னும் கோபம் வரும். "உனக்கு எல்லாம் மனசுலதான்" என்று நான் சொன்னதும் நீ போனை வைத்தது சரிதான். நான்கு நாளாக அத்தான்தான் எடுக்கிறார். அதனால்தான் கடிதம்.

அமிட்ரிப்டிலின் மனச்சோர்வு மாத்திரை என்று மருந்துக்கடைப் பையன் சொன்னதும், டாக்டரும் உன்னை நம்பவில்லை என்று அழுதாயாம். அந்த மாத்திரையை மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த அளவில் நாள்பட்ட வலிக்கும் கொடுப்பார்கள். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புகள் சில, கீழேயிருந்து ஏறிவரும் வலிச் சேதியை அடக்கிவைக்கும். அந்த வேலைக்கு அது கைகொடுக்கிறது. உன்னை நம்பியதால்தான் டாக்டர் அதை எழுதினார்.

1995-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு குறிப்பு வந்தது. 29 வயதுக் கட்டட வேலைக்காரர் ஒருவர் மேலிருந்து குதித்ததில், 15 சென்டிமீட்டர் ஆணி பூட்ஸைத் துளைத்து மேலே வந்துவிட்டது. ஆணி லேசாக அசைந்தாலே வலி தாங்கவில்லை. மயக்கமருந்து கொடுத்து ஆணியை உருவி, பூட்ஸைக் கழற்றினால், அது இரண்டு விரல்களுக்கு நடுவே போயிருக்கிறது. காலில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் நடிக்கவில்லை அக்கா, நிஜமாகவே வலித்தது. ஆணியைப் பார்த்த மூளை ஆபத்து என்று முடிவுகட்டிவிட்டது. உன் வலியும் நிஜம். நான் சொன்ன வார்த்தைதான் தப்பு.

வருகிறவர்களிடமெல்லாம் உன் ஸ்கேனைக் காட்டி ‘டிஸ்க் பல்ஜ்’ என்கிறாயே, 1994-இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு ஸ்கேன் எடுத்ததில் 52 சதவீதம் பேருக்கு அதே பல்ஜ் இருந்தது. பாதிப்பேர் அதோடு குனிந்து நிமிர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்! (கால் மரத்துப்போனாலோ, ஒன்றுக்குப் போவதில் தொல்லை வந்தாலோ அது வேறு விஷயம். அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும்.)

நம் வீட்டு மணியை நினைத்துப் பார். தேங்காய்த் திருடன் வந்த ராத்திரிக்குப் பிறகு அது பால்காரரைப் பார்த்துக் குரைத்தது, தபால்காரரைப் பார்த்துக் குரைத்தது, கடைசியில் அப்பாவையே பார்த்துக் குரைத்தது. குளியலறையில் நீ விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. சதையும் எலும்பும் ஆறிவிட்டன என்று டாக்டரே சொல்லிவிட்டார். நரம்பும் மூளையும்தான் அந்த ராத்திரியிலேயே நிற்கின்றன. குனிந்தால் குரைக்கிறது, வாளியைத் தொட்டால் குரைக்கிறது. நீ பயந்து குனிவதையே விட்டாய். அதனால் இன்னும் உரக்கக் குரைக்கிறது.

மணியை அப்பா அடித்துப் பார்த்தார், நடக்கவில்லை. நீதான் தினமும் பால்காரரை வாசலில் நிறுத்தி, ஒவ்வொரு அடியாகப் பக்கத்தில் வரவைத்தாய். இப்போது இதை மருத்துவம் என்கிறார்கள். கொலராடோவில், சராசரியாகப் பத்து வருடம் முதுகுவலியோடு இருந்தவர்களின் மூளைக்கு, ‘இந்த வலியில் ஆபத்து இல்லை’ என்று நான்கு வாரம் பேசியும் செய்துகாட்டியும் பழக்கினார்கள். 50 பேரில் 33 பேருக்கு வலி போயிற்று, அல்லது போன மாதிரி ஆயிற்று. அவர்களுடையது மிதமான வலி. உனக்கும் அப்படியே ஆகும் என்று ஜோசியம் சொல்ல மாட்டேன்.

ஆனால் இரண்டு வருடமாக உன் வாசலில் ஸ்டிக்கர் கோலம். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவே இல்லை. பிசியோதெரபிக்காரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, ஐந்து புள்ளி மட்டும் வைக்கலாமா? வலித்தாலும் ஐந்து, வலிக்காவிட்டாலும் ஐந்துதான். நன்றாக இருக்கிறதே என்று முதல் நாளே பதினைந்து புள்ளியில் தேர்க்கோலம் போடக்கூடாது. உன்னைத் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

சனிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் கிளம்புகிறேன். மாவு வீட்டில் இருக்கிறதா, நான் வாங்கி வரவா? இதற்காவது போனை எடு.

உன் தம்பி